அலுவலகக் கடிதமும் அதன் ஒழுங்கும்

(தோட்டப் பொதுமண்டபம் ஒன்றில் நடைபெற்ற மாலை வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை முழுவதையும் வெட்டி முடித்து, பாலைச் சேகரித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்பையும் பொருட்படுத்தாது இம்மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். உங்களிடம் கடிதம் எழுதும் முறையைப் பற்றியும் பாரம் நிரப்பும் முறையைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இது பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பாடமாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர்க்காக என் தந்தையாரின் ரொட்டி டின்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். எங்கள் லயத்து வீட்டில், சாமி படத்திற்குப் பின்னால், ஒரு பழைய ரொட்டி டின் இருக்கும். வீட்டிலிருந்த தாள்கள் அத்தனையும் அதற்குள்தான். அவர் 55 வயதில் ஓய்வுபெற்றுச் சேமநிதிப் பணத்திற்கு மனுச் செய்யப் புறப்பட்ட நாளில், அந்த டின்னைத் திறந்து தாள்களைத் தரையில் பரப்பினோம். அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. தாள்களின்படி எங்களுக்குத் தந்தையர் மூவர் இருந்தனர்!

அவர் பெயரில் ‘முத்து’ என்னும் சொல் உண்டு. பிறப்புச் சூராட்டில் அதை ரூமி எழுத்தில் ‘டி’ ஒன்றிட்டு எழுதியிருந்தனர். அடையாள அட்டையில் ‘டி’க்குப் பின் ‘எச்’ வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்துச் செக்ரோலிலோ, ‘டி’ இரண்டாகி, பெயரும் நடுவில் உடைந்து இரு சொற்களாக நின்றது. என் தந்தையார் எவரையும் ஏமாற்றவில்லை. எழுதிய கிராணிமார்களும் வஞ்சகர் அல்லர். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டவர்கள், தத்தமக்குத் தோன்றியவாறு ரூமியில் எழுதினர். படிக்கத் தெரியாத என் பாட்டனாரால் ‘இது பிழை, திருத்துங்கள்’ என்று சொல்ல இயலவில்லை. அவ்வளவே நடந்தது. அந்த ஓர் எழுத்தின் பொருட்டு ஐந்து மாதங்கள் அலைந்தோம். உடன் சென்ற என் அண்ணனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. முடிவில், மூன்று பெயர்களும் ஒருவர்க்கே உரியவை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று செய்துகொடுத்த பின்னரே காரியம் கைகூடிற்று. 1960ஆம் ஆண்டின் சட்டப்படியான அந்தப் பத்திரத்தை இன்றும் செய்துகொள்ளலாம். உங்கள் வீட்டிலும் இத்தகைய குழப்பம் இருந்தால், ஓய்வுபெறும் நாள் வரும்வரை காத்திராதீர்கள். இன்றிரவே டின்னைத் திறந்து பாருங்கள்.

தோட்டத்தில் நம்மை எல்லார்க்கும் தெரியும். இன்னாருடைய மகன், இன்ன லயத்தில் இருப்பவர், இன்ன நிரை வெட்டுபவர் என்று மண்டோர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை அறிவார்கள். நகரத்து அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரோ நம்மைக் கண்டதில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு தாள். அத்தாளைக் கொண்டுதான் நாம் யார், நம் குறை என்ன என்பதை அவர் அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே தாளில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறார்கள்.

ஒழுங்கு என்பது உங்களுக்குப் புதியதன்று. மரத்தில் கோடு வெட்டும்போது இடப்புறத்தில் உயரத் தொடங்கி வலப்புறமாகத் தாழ இறக்குகிறீர்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக நில்லாமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் பெருகும். அலுவலகத் தாளின் ஒழுங்கிற்கும் இதைப் போன்றே காரணங்கள் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் முறையை மறக்க மாட்டீர்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். எந்தப் பாரமாயினும், எந்தக் கடிதமாயினும், அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வீட்டில் அழைக்கும் பெயர் வேண்டா. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டுச் சுருக்கும் நம் வழக்கமும் இங்கே வேண்டா. ‘ஏ/எல்’ என்று இருப்பது ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன். ‘ஏ/பி’ என்பது ‘அனாக் பெரம்புவான்’, மகள். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. திருமணமான பின்னும் உங்கள் அடையாள அட்டையில் உங்கள் தந்தையின் பெயரே இருக்கிறது. கணவர் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டால், அலுவலகத்தின் கண்ணுக்கு அவர் வேறொரு பெண்மணியாகிவிடுவார்.

பாரங்களில் ‘ஹுரூப் பெசார்’ என்று குறித்திருந்தால், பெரிய எழுத்துகளில், ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்தாக எழுத வேண்டும் என்பது பொருள். தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாரத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் கேட்பார்கள். 1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணிலோ அந்த வரிசை தலைகீழாக ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கிறது. 690312 என்று தொடங்கினால் அவர் 1969ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பிறந்தவர். அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தைக் காட்டும். 08 பேரா, 10 சிலாங்கூர், 05 நெகிரி செம்பிலான். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. எண்ணைப் பார்த்து அப்படியே பிறந்த தேதிக் கட்டத்தில் இறக்கிவிடாதீர்கள்.

எழுதும்போது பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசி மறைக்காதீர்கள். ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். மறைக்கப்பட்ட இடம் எதுவாயினும் ஐயத்திற்குரியதே. பணத்தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி, ‘சஹாஜா’ என்ற சொல்லால் முடிக்க வேண்டும். ‘மட்டும்’ என்பது அதன் பொருள். பின்னால் வேறொருவர் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைப் பெருக்கிவிடாதபடி போடும் பூட்டு அது.

இனிக் கடிதத்திற்கு வருவோம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் லயத்து வீட்டின் கூரை ஒழுகுகிறது. தோட்ட அலுவலகத்தில் பலமுறை சொல்லியாயிற்று, பயனில்லை. தொழிலாளர் இலாகாவிற்கு எழுத எண்ணுகிறீர்கள். தோட்ட வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று.

தாளின் இடப்புறத்தில் ஓர் அங்குலம் வெற்றிடமாக விடுங்கள். கோப்பில் கோப்பதற்கு அந்த ஓரத்தில்தான் துளையிடுவார்கள். ஓரம் வரை எழுதினால் உங்கள் சொற்களில் துளை விழும். மேலே இடப்புறத்தில் உங்கள் பெயரும் முகவரியும். வீட்டு எண், லயத்து எண், டிவிஷன், தோட்டத்தின் பெயர், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு, ஊர், மாநிலம் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். பதில் வரவேண்டிய வழி அதுதான். அதன்கீழே பெறுபவரின் பதவியும் அலுவலக முகவரியும். அதிகாரியின் பெயரை விடப் பதவியே முக்கியம். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், பதவி அங்கேயே இருக்கும். குறிப்பிட்ட ஓர் அதிகாரி உங்கள் விவகாரத்தைக் கவனித்து வருகிறார் என்றால் மட்டும் ‘யு.பி.’ என்று போட்டு அவர் பெயரைச் சேர்க்கலாம். ‘உந்தோக் பெர்ஹாத்தியான்’, அதாவது ‘கவனத்திற்கு’ என்பதன் சுருக்கம் அது. வலப்புறத்தில் தேதி. மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதினால் குழப்பம் இராது.

அந்த அலுவலகம் முன்பே உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறதா? அப்படியாயின் அக்கடிதத்தின் தலைப்பகுதியில் ‘ருஜுகான் காமி’ என்று ஓர் எண் இருக்கும். ‘எங்கள் கோப்பு எண்’ என்பது பொருள். நீங்கள் எழுதும்போது அதே எண்ணை ‘ருஜுகான் துவான்’, அதாவது ‘தங்கள் கோப்பு எண்’ என்று குறிக்க வேண்டும். இதை நம்மில் பெரும்பாலோர் செய்வதில்லை. எண் இல்லாத கடிதம் வந்தால், அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தேட வேண்டும். எண் இருந்தால் பழைய கோப்புடன் சேர்ந்து உரியவர் மேசைக்கே போய்விடும்.

‘துவான்’ அல்லது ‘புவான்’ என்று விளித்துத் தொடங்குங்கள். ‘நலம், நலமறிய அவா’ என்பது உறவினர்க்கு எழுதும் மடலில் இனிக்கும், இங்கே வேண்டா. அடுத்த வரி தலைப்பு. பெரிய எழுத்துகளில், ஒரே வரியில், ‘இன்ன எண்ணுள்ள லயத்து வீட்டின் கூரையைப் பழுதுபார்த்தல்’ என்று இருக்க வேண்டும். ‘முறையீடு’ என்றோ ‘உதவி’ என்றோ மட்டும் எழுதினால் எதைப் பற்றிய முறையீடு என்று யாருக்குத் தெரியும்?

ஒரு கடிதத்திற்கு ஒரு பொருள். நான் அறிந்த பெரியவர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதினார். முதற்பக்கத்தில் மண்டோர் ஏசியது, இரண்டாம் பக்கத்தில் பள்ளிப் பேருந்து வராதது, மூன்றாம் பக்கத்தில் கூரை, நான்காம் பக்கத்தில் கோயில் திருவிழாவிற்கு விடுமுறை தராதது. எல்லாம் மெய்யான குறைகளே. ஆயினும் ஒவ்வொன்றும் வெவ்வேறு மேசைக்கு உரியது. அந்த ஒரு கடிதம் எந்த மேசையில் தங்க முடியும்? அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவர் வீட்டில் பானைகள்தாம் ஒழுகலைத் தாங்கின.

முதற் பத்தியில் தலைப்பில் கண்ட பொருளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லுங்கள். அதற்கு எண் இடுவதில்லை. இரண்டாம் பத்தியிலிருந்து 2, 3, 4 என்று எண்கள் வரும். புதிதாய்ப் பார்ப்பவர்க்கு இது விந்தையாகத் தோன்றும், ஒன்று எங்கே போயிற்று என்று கேட்பார்கள். முதற்பத்தியே ஒன்று, அதற்கு எண் தேவையில்லை என்பது வழக்கம். இந்த எண்களால் பயன் உண்டு. ‘தங்கள் கடிதத்தின் 3ஆம் பத்தியில் கூறியபடி’ என்று அலுவலகம் விடை எழுத முடியும். நீங்கள் சொன்னதில் எதற்கு விடை வந்தது, எதற்கு வரவில்லை என்று உங்களுக்கும் விளங்கும். எந்த மாதத்திலிருந்து ஒழுகுகிறது, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள், அவர் என்ன கூறினார், இப்போது என்ன செய்ய வேண்டுகிறீர்கள் என்பவை போதும். ‘பலமுறை சொன்னேன்’ என்பதைவிட இரண்டு தேதிகள் வலிமையுடையவை. கெஞ்சவும் வேண்டா, ஏசவும் வேண்டா.

முடிவில் ‘செக்கியான், தெரிமா காசே’. அதன்கீழ் ‘யாங் பெனார்’, கையெழுத்து, அடைப்புக்குறிக்குள் பெரிய எழுத்துகளில் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண். கையெழுத்திட இயலாதவர்கள் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். அப்போது கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியவர் சாட்சியாகக் கையெழுத்திட்டுத் தம் அடையாள அட்டை எண்ணையும் குறிப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் கீழே ‘எஸ்.கே.’ என்று போட்டு, வேறு யாருக்கெல்லாம் நகல் அனுப்பப்படுகிறது என்று எழுதலாம். ‘சாலினான் கெபாடா’ என்பதன் சுருக்கம் அது. தோட்டத் துரைக்கும் தொழிற்சங்கத்திற்கும் நகல் போகிறது என்று அந்த வரி சொன்னால், கூரைக்குத் தகடு சற்று விரைவாகவே வந்து சேரும் என்பது என் அனுபவம்.

மலாயில் எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டா. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ இந்த முறையை வகுப்பிலேயே கற்கிறார்கள். எழுதும் கை அவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் தேதியும் நடந்த செய்தியும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவு நேரம் நாம் எழுதும் தாளைப் பற்றிப் பேசினேன். பிறர் எழுதி, நம்மிடம் கையெழுத்துக் கேட்கும் தாள் ஒன்று உண்டு. இன்று நான் வந்ததே பெரும்பாலும் அதைச் சொல்லத்தான். தலைப்பு வரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பு அடங்கிவிடக்கூடும்.

ஒரு தோட்டம் விற்கப்படுகிறது அல்லது மரங்கள் அழிக்கப்பட்டு வீடமைப்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை இனி இல்லை. அலுவலகத்திற்கு ஒவ்வொருவராக அழைத்து ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதன் தலைப்பு ‘பெனாமாத்தான் பெர்கிட்மாத்தான்’ என்று இருக்கலாம். முதலாளி வேலையை நிறுத்துகிறார் என்று பொருள். ‘பெர்லெத்தாக்கான் ஜவாத்தான்’ என்றும் இருக்கலாம். நீங்களே விருப்பத்துடன் விலகுகிறீர்கள் என்று பொருள். இரண்டிலும் கீழே கையெழுத்திட ஒரே மாதிரியான கோடுதான் இருக்கும்.

வேறுபாட்டைக் கேளுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படாதிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு 4 வாரமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 6 வாரமும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவர்க்கு 8 வாரமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். அது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, தொடர்ந்து ஓராண்டேனும் வேலை செய்தவரை இவ்வாறு நிறுத்தும்போது இழப்பீடும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தவர்க்கு ஓராண்டுக்கு 10 நாள் கூலி, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 15 நாள் கூலி, அதற்கு மேல் 20 நாள் கூலி. இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஆண்டுகளை 20 நாளால் பெருக்கினால் 400 நாள் கூலி! தாமாகவே விலகியவர்க்கு இந்த இழப்பீடு இல்லை.

எனவே எந்தத் தாளாயினும், தலைப்பு வரியைப் படிக்காமல் அல்லது பிறர் படித்துச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். ‘வீட்டில் படித்துப் பார்த்து நாளைக்குக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்வது மரியாதைக்குறைவு ஆகாது. வெற்றுத் தாளிலோ, பாதி நிரப்பிய பாரத்திலோ, தேதி இல்லாத கடிதத்திலோ ஒருபோதும் கையெழுத்து வேண்டா. ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டவர்கள் எவரேனும் இங்கே இருப்பின், மனம் தளராமல் அத்தாளின் நகலுடன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ விரைந்து சென்று காணுங்கள். நடந்தது என்ன என்பதைத் தேதியோடு அங்கே சொல்லுங்கள்.

நகல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கடிதத்தை நேரில் கொடுப்பதாயின் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் ‘தெரிமா’ என்ற சாப்பாவையும் அன்றைய தேதியையும் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரையும் இரப்பரில் செய்ததுதான். நாம் வெட்டிய பால் நமக்கே சாட்சி சொல்லட்டுமே! தபாலில் அனுப்புவதாயின் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்து வையுங்கள். வேலையில் விபத்து நேர்ந்தாலும் இதுவே முறை. முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு அனுப்பப்பட்டதா என்று கேட்டு, அதன் நகல் ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இப்பொழுது எல்லாம் கணினியில் வந்துவிட்டதே, கைப்பேசியிலேயே மனுச் செய்கிறார்களே என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் ‘டி’ ஒன்றா இரண்டா என்று சற்றுத் தயங்கியாவது பார்த்தார். கணினி தயங்குவதில்லை. ஓர் எழுத்து மாறினால் ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று கூறிவிடுகிறது.

அதோ அந்த மேசைமீது மாதிரிக் கடிதங்களும் வெற்றுத் தாள்களும் வைத்திருக்கிறேன். நான் உள்ளே வரும்போது வாசலில் கூரை ஒழுகுவதைப் பற்றி மூவர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் முதலில் முன்வரட்டும். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகத் தொடங்கியது எந்த மாதம் என்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்டு வையுங்கள். பேனாவை யார் பிடிக்கப் போகிறீர்கள்?